மட்டக்குதிரை வண்டியில் ஒரு வாழ்வு

1877 நவம்பரில் இங்கிலாந்தின் நோர்விச் நகரிலுள்ள ஜரோல்ட் பதிப்பகம் ஒரு நாவலை வெளியிட்டது. நூல் குதிரைமொழியிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டதென்று அதன் முகப்புப் பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள். மொழிபெயர்த்தவர் என்று போட்டிருந்த பெயர் அன்னா சியூவெல். ஒரு கறுப்புக் குதிரை, தாய்மடியில் பால் குடித்த நாள் முதல் கிழடாகி ஓய்ந்த நாள் வரை தன் கதையைத் தானே சொல்லும் அந்த நாவல்தான் பிளக் பியூட்டி.

எமது பாடசாலை நூலகத்தின் ஆங்கில அலுமாரியில் அதன் சுருக்கப் பதிப்பு ஒன்று இருக்கிறது. அட்டை கிழிந்து, நாடா ஒட்டி, பல கைகள் பட்டு மெலிந்துபோன புத்தகம். அதைப் படித்த தோழியரைக் கேட்டால், ஜிஞ்சர் என்ற பெண்குதிரை இறக்கும் இடத்தில் அழுதோம் என்பார்கள். நானும் அழுதவள்தான். ஆனால் இரண்டாம் தடவை படித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியவை வேறு பக்கங்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பழத்தோட்டத்தில் கடிவாளமின்றி அவிழ்த்துவிடப்பட்ட குதிரைகள், குளம்புக்கடியில் புல் குளிர்ந்திருக்கிறது, விரும்பினால் ஓடலாம், படுக்கலாம், முதுகு தேயப் புரளலாம், பிறகு ஒரு பெரிய மரத்தின் நிழலில் கூடிநின்று பழங்கதை பேசலாம். அங்கே பெரிதாக எதுவும் நடப்பதில்லை. எனினும் ஓர் உயிரின் சந்தோசத்தை இத்தனை கிட்டநின்று எழுத ஒருவருக்கு எப்படி முடிந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. அதைத் தேடிப் போனபோது எனக்குக் கிடைத்தது, நடக்க முடியாத ஒரு பெண்ணின் வாழ்க்கை.

அன்னா 1820 மார்ச் 30ஆம் திகதி, நோர்போக் மாவட்டத்தின் கடலோர ஊரான கிரேட் யார்மவுத்தில் பிறந்தார். தந்தை ஐசக், தாய் மேரி. இருவரும் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். ஆடம்பரமில்லாத உடை, அளவான பேச்சு, எவரோடும் சண்டைக்குப் போகாமை என்பன அவர்களது வீட்டு ஒழுங்கு. இரண்டு வருடங்களில் தம்பி பிலிப் பிறந்தான். தந்தைக்கு வியாபாரம் கைகொடுக்கவில்லை. இலண்டனில் கடை வைத்து நொடித்துப்போனார். குடும்பம் அந்நகரின் ஓரத்தில் டால்ஸ்டன் என்ற இடத்தில் சிக்கனமாக வாழ்ந்தது.

பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப வசதியில்லை என்பதால் தாய் வீட்டையே பாடசாலையாக்கினார். ஓரசைச் சொற்களாலேயே ஆன ஒரு சிறு வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகளுக்காக எழுதி, அதை விற்ற காசில் அவர்களுக்கு வேறு புத்தகங்கள் வாங்கினார். அந்தப் பெண்மணியை இங்கே சற்று அறிமுகப்படுத்திவிடுகிறேன். ஏனென்றால் அன்னாவின் கதையில் மேரி வராத பக்கமே இல்லை. மகளுக்கு ஆசிரியை அவர். பின்னாளில் மகளிடம் தன் எழுத்தைத் திருத்தக் கொடுத்த மாணவியும் அவரே. கடைசியில் மகளின் எழுத்தராகவும் இருந்தார்.

அந்த டால்ஸ்டன் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தைக் குடும்பத்தார் நெடுநாள் நினைவில் வைத்திருந்தார்கள். யாரோ ஒருவர் சுட்ட கரும்பறவை இவர்களது தோட்டத்துக்குள் விழுந்தது. சுட்டவர் படலைக்கு வந்து பறவையைக் கேட்டார். சின்னஞ்சிறு அன்னா அவர் முன்னே போய் நின்று, கொடுமைக்காரருக்குத் தரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே மறுத்துவிட்டாள். அப்போதே அவளுக்கு வாய் இருந்தது.

டால்ஸ்டன் காலத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையான பெருநாள் என்றால், நோர்போக்கில் பக்ஸ்டன் கிராமத்துக்குப் போவதுதான். தாயின் பெற்றோர் அங்கே இருந்தார்கள். டட்விக் என்பது அவர்களது பண்ணைக்குப் பெயர். உழவுக்கும் பாரமிழுக்கவும் சந்தைக்குப் போகவும் குதிரைகளே துணையாயிருந்த காலம் அது. ஒரு கிராமத்துப் பிள்ளை காலையில் எழுந்தால் முதலில் கேட்பது லாயத்துச் சத்தம். மாலையில் கடைசியாகப் பார்ப்பது வேலை முடிந்து தலையைத் தொங்கவிட்டு வரும் குதிரைகளை. அந்தப் பண்ணையில்தான் அன்னா குதிரையேறப் பழகினாள். நகரத்து ஒடுங்கிய வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு அந்த உயரமும் வேகமும் எப்படியிருந்திருக்கும் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. விழாமல் இருப்பதற்குக் குதிரையை நம்பவேண்டும். குதிரையும் ஏறியிருப்பவரை நம்பவேண்டும். இந்த ஒப்பந்தத்தை அவள் சிறுவயதிலேயே கற்றுக்கொண்டாள்.

பன்னிரண்டு வயதில், குடும்பம் ஸ்டோக் நியூவிங்டன் என்ற இடத்துக்கு மாறிய பிறகு, அவள் முதன்முறையாகப் பாடசாலைக்குப் போனாள். இரண்டு வருடங்கள் போனாள். பதினான்கு வயதில், ஒரு மழைநாளில் பாடசாலையிலிருந்து வீடு திரும்பும்போது வழுக்கி விழுந்தாள். இரு கணுக்கால்களிலும் பலத்த அடி. அன்றைய வைத்தியம் அவற்றைச் சரிப்படுத்தவில்லை. அந்த மழைநாளுக்குப் பிறகு அன்னா தன் ஆயுள் முழுவதும் இயல்பாக நடக்கவே இல்லை. சில காலம் ஊன்றுகோலோடு கொஞ்சத் தூரம் நடப்பார். சில காலம் நிற்கவும் முடியாது. தந்தைக்கு பிரைட்டனில் வங்கி வேலை கிடைத்தபோது, அந்தக் கடற்கரை ஊரின் காற்றாவது மகளைச் சுகப்படுத்தாதா என்ற எண்ணமும் குடும்பத்துக்கு இருந்தது. பின்னர் ஜேர்மனியின் மருத்துவ நீரூற்று நிலையங்களுக்கும் அழைத்துப்போனார்கள். ஒரு தடவை சற்றுத் தேறி வந்தார். அது நிலைக்கவில்லை.

இத்தகைய வாழ்க்கைகளைப் பற்றி எழுதும்போது இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டு, அன்னாவை நோயாளியின் கட்டிலோடு கட்டிவைத்துவிடுவதே வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டில் வந்தது உண்மை. ஆனால் அது வெகு பிந்தி வந்தது. விழுந்த நாளுக்கும் கட்டிலுக்கும் நடுவே முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் இருக்கின்றன. அந்த வருடங்களில் அவர் செய்தது என்ன? வண்டி ஓட்டினார்.

மட்டக்குதிரை பூட்டிய சிறிய வண்டி. அன்னாவின் கால்கள் அதுதான். லான்சிங் என்ற கிராமத்தில் அவர்கள் இருந்தபோது, தந்தை பிரைட்டன் வங்கிக்குப் போகப் புகையிரதம் ஏறவேண்டும். அவரை நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவது மகளின் வேலை. குடும்பம் அடிக்கடி இடம் மாறியது. லான்சிங், ஹேவர்ட்ஸ் ஹீத், சிச்செஸ்டருக்கு அருகே கிரேலிங்வெல், பிறகு குளொஸ்டர்ஷயரில் விக் என்ற கிராமம். இந்தப் பெயர்கள் எல்லாம் எமக்குத் தேவையில்லை. எந்த ஊரிலும் வீட்டு வாசலில் ஒரு வண்டி நின்றது என்பதே முக்கியம். தாய் ஏழை வீடுகளுக்கு உதவி கொண்டுபோவார். மகள் வண்டியோட்டிப் போவார். தந்தை வேலைக்குப் போவார். மகள் வண்டியோட்டிப் போவார். வருகின்ற விருந்தாளியை அழைத்துவரவும் கொண்டுபோய் விடவும் மகளே. நடக்க முடியாதவர் என்று மற்றவர்கள் சுமக்கவேண்டியவராக இருந்த பெண், முழுக் குடும்பத்தையும் ஊரெல்லாம் சுமந்து திரிந்தார். அதைச் சாத்தியமாக்கியது ஒரு மட்டக்குதிரை.

எனது உம்மும்மாவுக்கு முழங்கால் வருத்தம் வந்த பிறகு, பக்கத்துத் தெரு முச்சக்கரவண்டிக்காரத் தம்பிதான் அவவின் கால். எங்கே போவதென்றாலும் ஏறியிருந்தவுடன் அவனிடம் அவ கேட்கும் முதற்கேள்வி, தேத்தண்ணி குடித்தாயா என்பது. தன்னைக் கொண்டுபோகிறவன் பசியோடு இருக்கக்கூடாது என்ற கணக்கு அது. அன்னா தன் குதிரையிடம் காட்டியதும் இதே கணக்குத்தான் என்று எனக்குப் படுகிறது.

அவர் வண்டியோட்டிய விதத்தை, விக் கிராமத்துக்கு வந்து அவரோடு பயணம் செய்த ஒரு தோழி பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். வாரை இறுக்கிப் பிடிப்பதில்லை. கையில் தளர்வாகக் கிடக்கும். குதிரையை நடத்தியது வார் அல்ல, பேச்சு. புகையிரத நிலையத்துக்குப் போகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. இப்படி மழை பெய்கிறதே, இந்த மேட்டில் நடந்து போவது சரியா என்று குதிரையிடம் நியாயம் கேட்கிறார். அப்பால், கொஞ்சம் வேகமாகப் போகவேண்டும், நாங்கள் புகையிரதத்தைத் தவறவிட்டால் பிறகு உனக்குத்தான் கவலையாயிருக்கும் என்று எடுத்துச் சொல்கிறார். குதிரைக்கு அது விளங்கியதோ என்னவோ, வண்டியிலிருந்த தோழிக்கு அது விளங்குவதாகவே தோன்றியிருக்கிறது. அந்தப் பயணத்திலே விலங்குகளைப் பற்றிப் பேச்சு வந்தது. ஹொரஸ் புஷ்னெல் என்ற அமெரிக்க அறிஞர் எழுதிய ஒரு கட்டுரையைத் தோழி எடுத்துக்கூறினார். குதிரைக்காக எழுதவேண்டும் என்ற நினைவு அந்த உரையாடலுக்குப் பிறகு தன்னை விட்டுப் போகவில்லை என்பதை அன்னா பல வருடங்களின் பின் அந்தத் தோழிக்குத் தெரிவித்தார்.

விக் கிராமத்து வருடங்கள்தான் அந்தக் குடும்பத்தின் நல்ல காலம் என்பது எனது எண்ணம். அறுபது வயதில் மேரி எழுத்தாளரானார். உழைக்கும் மக்கள் படித்து விளங்கக்கூடிய எளிய கதைப்பாட்டுகளை எழுதினார். 1860இல் வந்த அவரது ஒரு கதைப்பாட்டு பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றது. ஒவ்வொரு வரியையும் முதலில் கேட்டது மகள். எது தேவையில்லை, எது செயற்கை, எந்த இடத்தில் சொல் கனக்கிறது என்று அன்னா தயவு தாட்சண்ணியமின்றிச் சொல்வார். மகளின் அந்தக் கண்டிப்பான காதுக்குத் தாய் மிகவும் மதிப்புக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து அந்த ஊர்த் தொழிலாளருக்காக மாலை வகுப்புகளும் நடத்தினார்கள். பகல் முழுதும் உழைத்த ஆண்கள் இரவில் எழுத்துக்கூட்டப் பழகினார்கள். எழுத்தறிவு குறைந்த ஒருவர் எந்த நீளமான வாக்கியத்தில் மூச்சிழந்து நிற்பார் என்பதை அன்னா அங்கே நேரில் பார்த்தார். பிளக் பியூட்டியின் சிறிய அத்தியாயங்களும் குறுகிய வாக்கியங்களும் அங்கிருந்து வந்தவை என்றே நான் கருதுகிறேன். அந்த நாவல் சிறுவர்களுக்காக எழுதப்பட்டதல்ல என்பதை இங்கு சொல்லிவிடவேண்டும். லாயத்துப் பையன்களுக்கும் வண்டியோட்டிகளுக்கும் குதிரை பராமரிப்போருக்குமாக அவர் எழுதினார். சிறுவர்கள் பிறகு அதைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள்.

1866இல் தம்பி பிலிப்பின் மனைவி காலமானார். தாயற்ற பிள்ளைகள் ஏழு பேர். பிலிப் பொறியியலாளர், ஸ்பெயின் நாட்டில் புகையிரதப் பாதை வேலைகளில் இருந்தவர், அப்போது நோர்விச் நகருக்கு அருகேயுள்ள ஓல்ட் கற்றன் என்ற கிராமத்தில் குடியிருந்தார். அடுத்த வருடம் பெற்றோரும் அன்னாவும் அதே கிராமத்துக்கு வந்து குடியேறினார்கள். ஆக, சுற்றித் திரிந்த குடும்பம் கடைசியில் பிறந்த மாவட்டத்துக்கே திரும்பியது. மணம் முடிக்காத அன்னாவுக்கு இப்போது ஏழு மருமக்கள். பிலிப்பின் லாயத்தில் பெஸ் என்றொரு குதிரை நின்றது. கறுப்பு, துடியானது, கண்ணில் அறிவு தெரிவது. பிளக் பியூட்டிக்கு முன்மாதிரி அதுவே என்று குடும்பத்தார் சொல்லிவந்தார்கள்.

அந்த நாவலிலே மெரிலெக்ஸ் என்ற குண்டு மட்டக்குதிரை வருகிறது. வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அதன்மேல் உயிர். ஒருநாள் பையன்கள் மாறிமாறி ஏறி, குதிரையென்றால் களைப்பில்லாத இயந்திரம் என்ற நினைப்பில் மணிக்கணக்காக ஓட்டுகிறார்கள், தடியாலும் அடிக்கிறார்கள். மெரிலெக்ஸ் உதைக்கவில்லை, கடிக்கவில்லை. முன்னங்கால்களைத் தூக்கி எழுந்து நின்று, ஏறியிருந்தவனைப் பின்பக்கமாக மெதுவாக வழுக்கி விழவிடுகிறது. அவன் மறுபடி ஏற, மறுபடியும் அதே. பிறகு மற்ற குதிரைகளிடம் தன் நியாயத்தைச் சொல்கிறது. பிள்ளைகள் கெட்டவர்களல்லர், பாடம் தேவைப்பட்டவர்கள் என்கிறது. வீடு நிறையப் பிள்ளைகளும் லாயம் நிறையக் குதிரைகளும் இருந்த இடத்தில் வாழ்ந்தவருக்கே இந்தக் காட்சி வரும்.

ஓல்ட் கற்றனில் அன்னாவின் உடல் கைவிடத் தொடங்கியது. 1871 அளவில் வண்டியோட்டும் நாட்கள் முடிந்தன. வீட்டுக்குள், சாய்வுப் படுக்கையில், சன்னலோரம். வாரைப் பிடித்த கைக்கு இப்போது பென்சில். அந்த வருடம் அவர் நாட்குறிப்பில் ஒரு குதிரையின் வாழ்க்கையை எழுதத் தொடங்கியிருப்பதாகக் குறித்தார். எழுத முடிந்த நாட்களில் சிறு சிறு தாள்களில் பென்சிலால் சில வரிகள். முடியாத நாட்களில் அதுவுமில்லை. சில வேளை மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. எழுதிய துண்டுகளைத் தாய் வாங்கி, மையால் செம்மையாகப் பிரதி பண்ணுவார். அப்போது மேரிக்கு எழுபத்தைந்துக்கு மேல். நூலுக்கு ஆறு வருடங்கள் பிடித்தன. ஒரு தடவை வாடகை வண்டியோட்டி ஒருவர் வாசலுக்கு வந்தபோது, சன்னல் வழியே அவரோடு பேசி, இலண்டன் வண்டிக்காரரின் பாடுகளைக் கேட்டறிந்தார். ஆள் வெளியே போகமுடியாவிட்டால் உலகம் சன்னலுக்கு வரவேண்டும்.

ஆகவே அந்தப் பழத்தோட்டத்துப் பக்கங்கள் எழுதப்பட்டது எங்கேயென்று பாருங்கள். புல்லில் கால் வைக்கமுடியாத ஒருவர், குளம்புக்கடியில் புல் எப்படிக் குளிரும் என்று எழுதுகிறார். ஐம்பது வருடங்களுக்கு முன் டட்விக் பண்ணையில் பார்த்தது, லான்சிங் பாதையில் கேட்டது, விக் கிராமத்து மேட்டில் மழையில் நனைந்தது எல்லாம் அவரிடம் பத்திரமாக இருந்தன.

எனக்கு அதிகம் பிடித்த அத்தியாயம் ஒன்றைச் சொல்கிறேன். ஜெரி பாக்கர் இலண்டனில் வாடகைக் குதிரைவண்டி ஓட்டுபவர். ஏழை. மனைவி பொலி, மகன் ஹரி, மகள் டொலி. பிளக் பியூட்டி இப்போது அவரிடம் இருக்கிறது, ஜெக் என்ற பெயரில். வாரத்தில் ஆறு நாள் மட்டும் உழைப்பது, ஏழாம் நாள் குதிரைக்கும் குடும்பத்துக்கும் ஓய்வு என்பது ஜெரியின் பிடிவாதம். அதனால் வருமானம் குறையும், குறையட்டும் என்பார். ஒரு ஞாயிறன்று, கிராமத்தில் தாய் கடும் சுகவீனமாயிருக்கிறார் என்ற செய்தியோடு தவிக்கும் ஒரு பெண்ணுக்காக அந்தப் பிடிவாதத்தைத் தளர்த்துகிறார். கனமான வாடகை வண்டி வேண்டாமென்று, இறைச்சிக்கடைக்காரரிடம் இலேசான வண்டியொன்றை இரவல் வாங்கிப் பூட்டுகிறார். கிராமம் வந்ததும் குதிரையை அவிழ்த்து ஒரு புல்வெளியில் விட்டுவிடுகிறார். நகரக் கற்களில் நடந்து நடந்து ஓய்ந்துபோன அந்தக் குதிரைக்கு முதலில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. மேய்வதா, புரள்வதா, படுப்பதா, ஓடுவதா? எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்துபார்க்கிறது. ஜெரி மரநிழலில் உட்கார்ந்து கொஞ்சம் பாடுகிறார், கொஞ்சம் வாசிக்கிறார், ஓடைக்கரையில் பூப்பறித்து மகளுக்குக் கொண்டுவருகிறார். டொலி அந்தப் பூக்களைக் கண்டு துள்ளுகிறாள். அவ்வளவுதான் கதை. ஏழை ஒருவருக்கும் அவருடைய குதிரைக்கும் ஒரே நாளில் ஒரே சந்தோசம் கிடைக்கிறது. ஒருவரின் பங்கைப் பிடுங்கி மற்றவருக்குக் கொடுக்கவில்லை.

அன்னா வண்டியோட்டிகளைத் திட்டி எழுதவில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். சாம் என்றொரு ஏழை வண்டிக்காரர் கதையில் வருகிறார். குதிரையும் வண்டியும் அவருக்குச் சொந்தமில்லை. முதலாளிக்கு நாள்வாடகை கட்டிய பிறகு மிஞ்சினால்தான் தன் வீட்டில் அடுப்பெரியும். நான் குதிரையை அடிக்காவிட்டால் என் பிள்ளைகள் பட்டினி என்பது அவர் நிலை. சில நாட்களில் அவரே இறந்துபோகிறார். குதிரையின் துன்பத்தை எழுதவந்தவர், அதன் பின்னால் அமர்ந்திருந்த மனிதனின் துன்பத்தையும் விட்டுவிடவில்லை.

அவர் ஈவிரக்கமின்றிச் சாடியது வேறொன்றை. அக்காலத்துச் செல்வர் வீட்டு வண்டிக் குதிரைகளுக்கு, வழமையான கடிவாள வாரைத் தவிர இன்னொரு வார் கட்டுவார்கள். கடிவாளத்திலிருந்து முதுகுப் பட்டியில் கொண்டுபோய் மாட்டிய அந்த வார், குதிரையின் தலையை எந்நேரமும் உயரத் தூக்கிப் பிடித்திருக்கும். தெருவில் போகும்போது குதிரை கம்பீரமாகத் தெரியவேண்டும், அதற்குத்தான். பாரமிழுக்கும் குதிரை மேட்டில் ஏறும்போது என்ன செய்யும்? தலையைத் தாழ்த்தி, கழுத்தை முன்னே நீட்டி, உடலின் பாரத்தை எல்லாம் தோள்பட்டையில் போடும். நாங்கள் ஒரு தள்ளுவண்டியை மேட்டில் தள்ளும்போது குனிவதைப்போலத்தான். தலையைத் தூக்கிக் கட்டிவிட்டால் அது முடியாது. இழுவையெல்லாம் முதுகிலும் கால்களிலும் ஏறும், மூச்சுக்குழல் நெருக்கும், கடிவாளம் வாயைக் கிழிக்கும். நாவலில் ஜிஞ்சரின் குணத்தையும் உடலையும் கெடுத்தது இந்த வார்தான். சீமாட்டி ஒருத்தியின் பகட்டுக்காக அதை ஒவ்வொரு நாளும் ஒரு துளையாக இறுக்கிக்கொண்டு போவார்கள்.

மேட்டைக் கண்டால் தன் குதிரையோடு பேசிப்பேசி ஏறிய பெண் அன்னா. வாரைத் தளர்வாகப் பிடித்தால் குதிரை என்னவெல்லாம் செய்யும் என்று அவருக்குக் கைப்பழக்கத்தில் தெரியும். அதனால்தான் தூக்கிக் கட்டிய தலையைக் கண்டபோது, மற்றவர்கள் அழகைக் கண்ட இடத்தில் அவர் திருட்டைக் கண்டார். வெறும் இரக்கத்தால் மட்டும் இந்த நூல் பிறந்திருக்க முடியாது. சந்தோசமான ஒரு குதிரையோடு பல வருடங்கள் கழித்தவருக்கே, ஒரு குதிரையிடமிருந்து எது பறிக்கப்படுகிறது என்ற முழுக் கணக்கும் தெரியும்.

நூலை ஒரு சிறு தொகைக்கு ஒரேயடியாகப் பதிப்பகத்துக்கு விற்றுவிட்டார்கள். புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்க்கும் வரை அன்னா இருந்தார். நல்லபடி விற்கத் தொடங்கியதையும் அறிந்தார். வெளிவந்து ஐந்து மாதங்களில், 1878 ஏப்ரல் 25ஆம் திகதி, ஐம்பத்தெட்டாம் வயதில் காலமானார். எழுதியது அந்த ஒரே நாவல்.

பிறகு நடந்தவற்றை அவர் காணவில்லை. 1890இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், விலங்குவதைக்கு எதிராக உழைத்த ஜோர்ஜ் ஏஞ்சல் என்பவர் அதை அங்கே பதிப்பித்து, வண்டியோட்டிகளுக்கும் லாயத் தொழிலாளருக்கும் பரப்பினார். இரண்டு வருடங்களில் பத்து இலட்சம் பிரதிகள் போயின. உலகெங்கும் விற்ற பிரதிகள் ஐந்து கோடிக்கும் மேல் என்கிறார்கள். தலையைத் தூக்கிக் கட்டும் அந்த வார் நாளடைவில் வழக்கொழிந்தது. அதற்கு இந்த நாவலும் ஒரு காரணம். 1892இல் அமெரிக்காவின் அன்சோனியா நகரில் அன்னாவின் பெயரால் ஒரு நீரூற்று கட்டினார்கள். 1917இல் அவருடைய தம்பி மகள் ஏடா, மாமியின் நினைவாக நோர்விச்சில் குதிரைகள் நீரருந்தும் தொட்டியொன்றை அமைத்தார். பிலிப்பின் வீட்டில் துள்ளித் திரிந்த அந்த ஏழு பிள்ளைகளில் ஒருத்தி அவர்.

அன்னாவை நல்லடக்கம் செய்ய லாமஸ் என்ற கிராமத்துக் குவேக்கர் இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பக்ஸ்டனுக்கு அயற்கிராமம் அது; பாட்டனாரின் டட்விக் பண்ணைக்குப் பக்கம். உடலை ஏற்றிச் செல்லும் வண்டிகள் ஓல்ட் கற்றன் வீட்டு வாசலுக்கு வந்து வரிசையாக நின்றன. எண்பது வயதைக் கடந்த மேரி சன்னலால் எட்டிப் பார்த்தார். மரண ஊர்வலத்துக்கு ஏற்ற மிடுக்கோடு நிற்கட்டும் என்று, கறுப்புக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் தலையைத் தூக்கி அந்த வாரைக் கட்டியிருந்தார்கள். அந்த நாவலை வரி வரியாகத் தன் கையால் பிரதி பண்ணிய பெண் அவர். இது கூடவே கூடாது என்று சொல்லி வெளியே போனார். ஒவ்வொரு குதிரையிலிருந்தும் அந்த வாரைக் கழற்றும்வரை நின்றார். பிறகு குதிரைகள் தலையைத் தாழ்த்தி, கழுத்தை நீட்டி, வண்டியை இழுத்துக்கொண்டு லாமஸ் பாதையில் போயின.